இருபத்தேழாவது ஆள்

மொட்டைமாடியில் மட்டும்தான் டவர் கிடைக்கும்.
கீழே, முட்டைவெள்ளையும் சுண்ணாம்பும் பூசிய சுவர்
பாம்பை விடும், சிக்னலை விடாது.
நாற்பத்தோரு படி ஏறி
சுதை யானைக்குப் பக்கத்தில் நின்றால்
சட்டைப்பை தவளைபோலத் துள்ளும்.
பினாங்கு, ஹூஸ்டன், அடையாறு, அபிராமபுரம்
எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும்.
ஹூஸ்டனின் குட்மார்னிங் ரோஜா
எனக்கு விளக்கு வைத்த பிறகுதான் பூக்கும்.

'வளவு வீடு பங்காளிகள்' என்று குரூப்புக்குப் பேர்.
இருபத்தாறு பேர் பங்கு உள்ளவர்கள்.
இருபத்தேழாவது நான், சாவி உள்ளவன்.

ஒரு கார்த்திகையில் இரண்டாம் கட்டு ஒழுகியபோது
படம் அனுப்ப ஆள் வேணும் என்று
பினாங்கு வள்ளியப்பன் என்னைச் சேர்த்துவிட்டார்.
அதுக்கு முந்தி வருஷத்துக்கு ஒரு கடுதாசி:
படைப்புக்கு வருகிறோம், கிணறு இறைத்து வை.
மிச்சப் பதினோரு மாசம் என் பேரை
அந்த வீட்டுக்காரர் யாரும் சொன்னதில்லை.
இப்போது ஒரு நாளைக்கு ஒன்பது தடவை.
சேவுகா, இடதுபக்கம் நின்று எடு.
சேவுகா, விரல் மறைக்குது.
சேவுகா, அந்தப் பூனை யாருது?

எழுத வராது எனக்கு. மைக்கை அழுத்திப் பேசுவேன்.
கோட்டையூர் ரயில் கூவினால் அதுவும் உள்ளே போய்விடும்.
டெக்சாஸிலிருந்து ஒரு சின்னப்பிள்ளை
அந்த ரயிலை மட்டும் இன்னொரு தடவை அனுப்பு என்று கேட்டது.
மறுநாள் காத்திருந்து பிடித்து அனுப்பினேன்.

அந்தப் புரட்டாசி வெள்ளி யாரும் படம் கேட்கவில்லை.
ரேட் பேசினார்கள்.
கதவு தனி, தூண் தனி, பெல்ஜியம் கண்ணாடி தனி.
தரைக்கல் பெயர்த்தால் உடையும், அதை விட்டுவிடலாம்.
அடையாறு சொன்னது: மொத்தமாகவே தள்ளிவிடுவோம்.
ஹூஸ்டன் கேட்டது: காவலுக்கு இருக்கிறவனை என்ன செய்வது?
கையில் ஏதாவது கொடுத்து, என்று ஒரு தொகை.
தொகைக்குக் கீழே ஆறு கட்டைவிரல்.

எழுதத்தான் வராது, படிக்க வரும்.
சார்ஜ் பதினாலு.
கணுக்காலில் கொசு. தட்டவில்லை.

ஒன்பது பத்துக்குச் சிகப்பி ஆச்சி எழுதினார்:
சேவுகன் இந்தக் குரூப்பில்தான் இருக்கான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம்
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது
பந்தி முடிந்து இலைகளை மடக்குகிற மாதிரி
பதினோரு தடவை.
என்னை மட்டும் யாரும் நீக்கவில்லை.
நீக்கினால் அதுவும் ஒரு வரியாகத் தெரியுமே.
ஒரு போன் அடித்திருக்கலாம்.
இருபத்தாறு பேரிடமும் என் நம்பர் இருக்கிறது.

மைக்கை அழுத்தினேன், தள்ளி அழித்தேன்.
மறுபடி அழுத்தினேன்.
நாலு விநாடி மூச்சு மட்டும் பதிவாகியிருந்தது.
அதையும் அழித்தேன்.
மூன்றாவதில் பேசினேன்:
"மழை வரும்போல இருக்குங்க.
வடக்கு ஓரத்துல ஓடு மாத்தணும். ஆள் சொல்லட்டுமா?"

கட்டைவிரல்கள் கொட்டின. கும்பிடும் கை இரண்டு.
வள்ளியப்பன் எழுதினார்: நன்றி சேவுகா.
ஆறு வருஷத்தில் முதல் நன்றி.

ஏழாவது படியில் டவர் போய்விடும். போனது.
செங்கமலம் கேட்டாள், என்னவாம்?
ஓடு மாத்தச் சொல்றாக, என்றேன்.

அவள் தூங்கின பிறகு
செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
முப்பது வருஷம் திறந்து பூட்டின கதவுகள்,
ஒரு நாளும் எண்ணினதில்லை.
நாற்பத்திரண்டில் லைட் அணைந்துவிட்டது.
அடுத்ததைக் கையால் தடவித்தான்
கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.